சிரமப்பட்டுப் பொரித்த வான்கோழிக் குஞ்சு, எழுந்து நிற்கவில்லை: என்ன செய்யலாம்?

வரப்போரம் (செஞ்சி பக்கம்) | வெள்ளி, காலை 6:10

எல்லோருக்கும் வணக்கம். இன்குபேட்டரில் வைத்த வான்கோழி முட்டையிலிருந்து இன்று விடியற்காலை ஒரு குஞ்சு வெளியே வந்திருக்கிறது. தானாக வரவில்லை, நான் முட்டை ஓட்டைப் பிரித்து எடுத்துவிட்ட பிறகுதான் வந்தது.

முட்டை வைத்த 26ஆம் நாள் இரவு எங்கள் ஊரில் பெரிய காற்றும் மழையும். போன கரென்ட் விடியும்வரை வரவில்லை. இன்வெர்ட்டரும் பாதி ராத்திரியோடு நின்றுவிட்டது. பெட்டியைக் கம்பளியால் சுற்றி, உள்ளே வெந்நீர் பாட்டில் வைத்து ஓரளவு சூடு போகாமல் பார்த்துக்கொண்டோம். மற்ற முட்டைகளில் இன்னும் அசைவு இல்லை. இது மட்டும் புதன் இரவு ஓட்டில் சின்ன ஓட்டை போட்டது. வியாழன் முழுக்க அப்படியே இருந்தது. உள்ளே சத்தம் கேட்கிறது, ஆனால் ஓட்டை பெரிதாகவில்லை. இரவு பார்த்தால் சவ்வு காய்ந்து பழுப்பாகி அலகோடு ஒட்டிக் கிடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இயர்பட்டை நனைத்துச் சவ்வை ஈரமாக்கி, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ரத்தம் வரவில்லை.

இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது, கத்துகிறது. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கிறது. கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து போகின்றன. தொப்புளில் பட்டாணி அளவுக்கு மஞ்சளாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது, காய்ந்த நூல் போல ஒன்றும் தொங்குகிறது. உடம்பு ரோமம் எல்லாம் பசை போல ஒட்டியிருக்கிறது.

என்ன கொடுப்பது, எங்கே வைப்பது, கால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் (நாமக்கல்) | காலை 6:32

தம்பி, முதலில் குஞ்சைக் கையிலிருந்து இறக்கி இன்குபேட்டருக்குள்ளேயே திரும்ப வையுங்கள். ஈரமான குஞ்சு வெளிக்காற்றில் இருந்தால் நிமிஷத்தில் சூட்டை இழந்துவிடும். அடியில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான பருத்தித் துணியை விரியுங்கள். மூடியை மூடிவிடுங்கள். ரோமம் காய்ந்து உப்பி வரும்வரை திறக்க வேண்டாம்.

தொப்புளில் தெரிவது உள்ளே முழுதாக இழுக்கப்படாத மஞ்சள் கரு. அதை உள்ளே தள்ளாதீர்கள், அந்த நூலை இழுக்கவே இழுக்காதீர்கள். குடலோடு தொடர்புள்ள இடம் அது, இழுத்தால் குஞ்சு போய்விடும். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் கிருமிநாசினியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, வெளிர் டீ நிறத்துக்கு வந்ததும் பஞ்சால் தொப்புளின் மேல் ஒரு தடவை ஒற்றி எடுங்கள். அந்த நூல் தானாகக் காய்ந்து விழும்.

இப்போதைக்குத் தீனி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஓட்டை விட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. நல்ல குஞ்சுக்கு அது இரண்டு மூன்று நாளைக்குப் போதும். ஒரு நாள் வயதுக் குஞ்சைப் பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்ப முடிவதே இதனால்தான். உங்கள் குஞ்சு போராடிக் களைத்திருப்பதால் அவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நாளைக் காலை தண்ணீர் காட்டலாம். அதுவரை சூடும் ஓய்வும்தான் மருந்து.

---

சேவல்கொடி (பொள்ளாச்சி) | காலை 7:05

வருத்தப்படாதீர்கள், என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நான் நாட்டுக்கோழி வளர்ப்பவன். ஓட்டை உடைத்து வரத் தெம்பில்லாத குஞ்சை நான் தொடுவதில்லை. அதற்கு உதவினால் பலவீனமான வம்சத்தைப் பண்ணைக்குள் விடுகிறோம். பாதிக் குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் போய்விடும், மீதி சீக்குக்கோழியாகவே நிற்கும்.

---

குமரிக்கரை (மார்த்தாண்டம்) | காலை 7:20

அண்ணா, நீங்கள் சொல்வதில் ஒரு பாதிதான் சரி. முட்டை போட்ட கோழியின் குறையா, பெட்டியின் குறையா என்று முதலில் பார்க்க வேண்டாமா? இவருடைய முட்டை கரென்ட் போன இரவில் குளிர்ந்திருக்கிறது. சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிக்கொண்டது. அதற்குள் மாட்டினால் எவ்வளவு திடமான குஞ்சும் திரும்ப முடியாது. அலகின் நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் ஓட்டைச் சுற்றி உடைத்துக்கொண்டே வர வேண்டுமென்றால் குஞ்சு உள்ளே சுழல வேண்டும். ஒட்டிப்போன சவ்வில் எப்படிச் சுழலும்? இதில் வம்சத்தின் குறை எங்கே இருக்கிறது?

ஒரே பெட்டைக்கோழியின் முட்டைகள் ஒவ்வொரு ஈட்டிலும் இப்படி மாட்டுகின்றன என்றால் நீங்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்வேன். அந்தக் கோழியின் முட்டையை அடை வைக்கக் கூடாது.

இன்னொன்று, வான்கோழி முட்டை நாட்டுக்கோழி முட்டை மாதிரிக் கிடைப்பதில்லை. ஒரு பெட்டை வருஷத்துக்கு 60 முதல் 100 முட்டை போட்டால் பெரிய விஷயம். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி தேடி வருவார்கள், ஒவ்வொரு குஞ்சும் கணக்கு.

---

சேவல்கொடி | காலை 7:41

பெட்டியின் குறை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குஞ்சுக்குக் காலில் ஒரு வளையம் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்து முட்டை போடும்போது அதன் முட்டைகள் எப்படிப் பொரிக்கின்றன என்று பார்க்காமல் வித்துக்கோழியாக விற்காதீர்கள்.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 7:58

வளையம் போடுவது நல்ல யோசனை.

உதவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இழையைப் படிப்பவர்கள் நாளை ஓட்டை தெரிந்ததுமே நகத்தால் பிய்க்க ஆரம்பிக்கக் கூடாது. ஓட்டை போட்டதும் குஞ்சு ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மஞ்சள் கருவும் உள்ளே போகிறது. வான்கோழியில் இதற்கு 24 மணி நேரம் ஆவது சாதாரணம், அதற்கு மேலும் போகலாம். ஓட்டை வழியாகப் பார்த்தால் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், கொட்டாவி விடுவதுபோல இருக்கும். அப்படி இருந்தால் வேலை முடியவில்லை, தொடக் கூடாது.

நம்பகமான அடையாளம் சவ்வுதான். ஈரப்படுத்தினால் கண்ணாடி மாதிரித் தெரியும். சிவப்பு நரம்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நரம்பு வற்றி, சவ்வு வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்திருந்தால்தான் எடுக்கலாம். எடுக்கும்போதும் முட்டையின் பெரிய முனையில், காற்றறைப் பக்கம் தொப்பி மாதிரி ஓட்டை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் விடுவித்தால் போதும். மீதியைக் குஞ்சே உதைத்துக்கொண்டு வரட்டும். அந்த உதையில்தான் காலுக்கும் வலு வருகிறது, தொப்புளும் தானாகப் பிரிகிறது.

---

பொன்னேரி தம்பி | காலை 8:15

சவ்வில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னார்.

---

குமரிக்கரை | காலை 8:22

தடவலாம், ஆனால் மூக்குத் துளை இருக்கும் இடத்தில் கூடாது. இயர்பட்டில் ஒரு துளி தொட்டு ஓட்டையின் ஓரமாக மட்டும். மூக்குக்குள் போனால் மூச்சு அடைத்துவிடும். தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும்.

---

மின்பெட்டி (ஈரோடு) | காலை 9:30

நான் சின்ன இன்குபேட்டர்கள் செய்து கொடுப்பவன். மீதி முட்டைகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

வரப்போரம், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 26ஆம் நாளில் கரு பெரிதாக வளர்ந்து தானே கொஞ்சம் சூடு உண்டாக்கும். ஓர் இரவுக் குளிர்ச்சியைப் பல முட்டைகள் தாங்கிவிடும், ஆனால் ஒன்று இரண்டு நாள் தாமதமாகப் பொரிக்கும். குளிர்ச்சியைவிடச் சூடு கூடிப்போவதுதான் ஆபத்து. கரென்ட் வந்ததும் ஈடுகட்டுவதற்காகச் சூட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு, அது முட்டையை வேகவைக்கிற வேலை. ஃபேன் உள்ள பெட்டி என்றால் 99.5 ஃபாரன்ஹீட், அவ்வளவுதான்.

அடுத்தது ஈரப்பதம். முதல் 25 நாளுக்கு 55 முதல் 60 சதவீதம். 25ஆம் நாள் முட்டையை உருட்டுவதை நிறுத்திவிட்டு 65-க்கு மேல், 75 வரை கொண்டுபோக வேண்டும். குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்ட பிறகு ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் ஈரக்காற்று வெளியே போகிறது, ஃபேன் காற்று நேராகச் சவ்வில் அடிக்கிறது. இப்படித்தான் சவ்வு காய்ந்து இறுகும். உங்கள் குஞ்சின் ரோமம் பசையாக இருக்கிறது என்கிறீர்கள். முட்டைக்குள் இருந்த வெள்ளைக்கரு மிச்சம் காய்ந்து ஒட்டினால் அப்படி ஆகும். சூடு விட்டுப்போய்ப் பொரிப்பு இழுத்துக்கொண்டே போனதற்கும் அது பொருந்துகிறது.

ஈரமானியை நம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரிக் குழையுங்கள். மீட்டரையும் அதையும் காற்றுப் போகாத டப்பாவில் வைத்து மூடி, ஆறேழு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைத்துச் சொல்கிறது. விலை மலிவான மீட்டர்களில் இந்த வித்தியாசம் நிறையவே வரும்.

---

பொன்னேரி தம்பி | காலை 9:44

மீதி முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாமே?

---

மின்பெட்டி | காலை 9:50

வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூச்சுத் திணறிவிடும். இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றறைக்குள் அலகின் நிழல் அசைந்தால் குஞ்சு உள்சவ்வைக் கிழித்துவிட்டது என்று அர்த்தம். காதருகே வைத்தால் டிக் டிக் என்று சத்தமும் கேட்கும்.

---

வரப்போரம் | வெள்ளி, மாலை 5:40

எல்லோருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயா சொன்னபடியே செய்தேன். ரோமம் பாதி உப்பிவிட்டது, முதுகில் மட்டும் கட்டியாக ஒட்டியிருக்கிறது. தொப்புளில் இருந்த மஞ்சள் சுருங்கியிருக்கிறது. தலையைத் தூக்குகிறது, ஆனால் உட்காரக்கூட முடியவில்லை. கால்கள் தவளைக் கால் மாதிரி இரண்டு பக்கமும் போகின்றன.

இன்னொரு முட்டையில் சத்தம் கேட்கிறது!

---

குமரிக்கரை | மாலை 6:02

அந்த இரண்டாவது குஞ்சு வரட்டும், அது உங்கள் முதல் குஞ்சுக்குப் பெரிய உதவி. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

காலைக் கட்டுவதை இன்றைக்கே செய்யுங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் எலும்பும் தசைநாரும் இளசாக இருக்கும்போது கட்டினால் சரியாகிவிடும், ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பலன் மிகக் குறைவு. மருந்துக்கடையில் காகித பிளாஸ்திரி கிடைக்கும். அதை மெல்லிய கீற்றாக வெட்டுங்கள். குஞ்சு இயல்பாக நின்றால் இரண்டு காலுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்குமோ அந்த அகலத்துக்கு நடுவில் பாலம் மாதிரி விட்டு, முனைகளை முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் சுற்றி ஒட்டுங்கள். நடுப்பாகத்தின் பசைப் பக்கத்தில் இன்னொரு துண்டை ஒட்டிவிட்டால் தூசி ஒட்டாது. இறுக்கக் கூடாது, பாதம் நிறம் மாறினாலோ வீங்கினாலோ உடனே பிரித்து மறுபடி கட்டுங்கள். இரண்டு பேர் இருந்தால்தான் சரியாக வரும்: ஒருவர் துணியில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் ஒட்ட வேண்டும்.

தினமும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் நேராகிவிடும்.

தரைதான் மிக முக்கியம். நியூஸ் பேப்பரையும் வழவழப்பான பிளாஸ்டிக்கையும் விரிக்கவே விரிக்காதீர்கள். நல்ல குஞ்சுக்கே அதில் கால் விரிந்துவிடும். சொரசொரப்பான துணி, சாக்கு, ரப்பர் மேட் எதுவானாலும் சரி, நகம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மாலை 6:30

கட்டும்போதே விரல்களையும் பாருங்கள். விரல்கள் உள்ளே சுருண்டு முஷ்டி மாதிரி இருந்தால் அது வேறு விஷயம். தாய்க்கோழித் தீனியில் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் குறைந்தாலும் அப்படி வரும். அட்டைத் துண்டைப் பாத அளவுக்கு வெட்டி, விரல்களை விரித்து வைத்துப் பிளாஸ்திரியால் ஒட்டிச் செருப்பு மாதிரிப் போட வேண்டும். கூடவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அளவை அவரே சொல்லட்டும், இணையத்தில் படித்து ஊற்றாதீர்கள்.

கழுத்து பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தால் அதையும் உடனே எழுதுங்கள். வைட்டமின் ஈ, செலீனியம் குறைவிலும் அது வரும்.

---

வரப்போரம் | மாலை 7:15

விரல்கள் நேராக இருக்கின்றன, கழுத்தும் சரி. என் மனைவி பிடிக்க, நான் கட்டிவிட்டேன். கட்டியதும் விழுந்து புரள்கிறது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

---

குமரிக்கரை | மாலை 7:21

முதலில் அப்படித்தான் விழும். சின்ன டம்ளர் அகலமுள்ள கிண்ணத்தில் மெல்லிய துணியைச் சுருட்டி வைத்து, அதன் நடுவில் கால் இரண்டும் உடம்புக்குக் கீழே வரும்படி உட்காரவையுங்கள். சாயாமல் இருக்கும். மூச்சு விட இடம் இருக்கட்டும். நடுநடுவே எடுத்து நிற்கவைத்துப் பழக்குங்கள்.

---

வரப்போரம் | சனி, காலை 6:50

இரண்டாவது குஞ்சு ராத்திரி தானாகவே வந்துவிட்டது! நல்ல தெம்பு. முதல் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. வெளியே எடுத்துத் தண்ணீர் காட்டலாமா?

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 7:10

காட்டலாம். முதல் குஞ்சை புரூடருக்கு, அதாவது பல்பு போட்டுச் சூடு கொடுக்கும் பெட்டிக்கு மாற்றுங்கள். இரண்டாவது காய்ந்ததும் அதையும்.

புரூடரில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ். வாரத்துக்கு 5 ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்.இ.டி. பல்பில் குஞ்சுக்கு ஆகிற சூடு வராது, குண்டு பல்போ இன்ஃப்ராரெட் பல்போ வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும், மறுபக்கம் விலகிப் போக இடம் வேண்டும். பல்புக்கு நேர் கீழே ஒண்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. இறக்கையை விரித்து வாயைத் திறந்து தூரமாகப் படுத்தால் சூடு அதிகம். உங்கள் முதல் குஞ்சால் நகர முடியாது என்பதால் நீங்கள்தான் கவனித்து இடம் மாற்ற வேண்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. குஞ்சு தலையைத் தூக்கி விழுங்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி. இங்க் ஃபில்லரால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஃபில்லர்தான் வேண்டுமென்றால் அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் போதும், தானே உறிஞ்சிக்கொள்ளும். இன்று ஒரு நாளைக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாம்.

---

குமரிக்கரை | காலை 7:35

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டை உடைக்கும்போது சாகிற குஞ்சைவிட, நன்றாகப் பொரித்தபிறகு பட்டினியால் சாகிற வான்கோழிக் குஞ்சுகள்தான் அதிகம் என்பது என் அனுபவம். நாட்டுக்கோழிக் குஞ்சு வந்த அன்றே தரையைக் கிளறிக் கொத்தும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாட்களில் பார்வை மந்தம், பயமும் அதிகம். தீனிக்கு நடுவில் நின்றுகொண்டே பட்டினி கிடக்கும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு தீர்ந்ததும் நான்காம் ஐந்தாம் நாள் திடீரென்று சரிந்துவிடும். ஆட்கள் சீக்கு என்று நினைப்பார்கள்.

அதனால் நாம்தான் தின்னக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவித்த முட்டையைப் பொடிப்பொடியாக உதிர்த்துத் தீனியின் மேல் தூவுங்கள். பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை கணக்கு, உங்களுக்கு ஒரு ஸ்பூன் போதும், மீந்ததைச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து கொடுப்பதும் உண்டு, முதல் பதினைந்து நாளைக்கு. பால் கலந்தால் தட்டை அடிக்கடி கழுவ வேண்டும், நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

பச்சை நிறம் வான்கோழியை இழுக்கும். வெங்காயத்தாளையோ கீரையையோ பொடியாக நறுக்கித் தூவுங்கள். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டுகள் போடுங்கள். பளபளப்பைப் பார்த்துக் கொத்தப் போய்த் தண்ணீர் குடிக்கும், ஆழமும் குறையும். ஓர் அங்குலத் தண்ணீரில்கூட முழுகுகிற குஞ்சு இது. விரல் நுனியால் தீனியில் தட்டித் தட்டிக் காட்டுங்கள், தாய்க்கோழி கொத்துவதாக நினைத்துக் கூடவே கொத்தும்.

இரண்டாவது குஞ்சு உதவும் என்று சொன்னேன் இல்லையா? தெம்பான குஞ்சு கொத்துவதைப் பார்த்து மற்றது பழகும். தனியாக விட்ட வான்கோழிக் குஞ்சு கத்திக் கத்தியே ஓய்ந்துபோகும். ஆனால் தெம்பானது இதன் கண்ணையும் விரலையும் கொத்தினால் நடுவில் கம்பி வலையை வைத்துப் பிரித்துவிடுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கட்டும், தொட வேண்டாம்.

---

சேவல்கொடி | காலை 8:10

இரண்டுமே தின்னக் கற்காவிட்டால் நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றை இவற்றோடு சேர்த்து விடலாமே? எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள். அது கிளறுவதைப் பார்த்து வான்கோழியும் ஒரே நாளில் பழகிவிடுகிறது.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 8:45

பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலையும் உண்டு. பிளாக்ஹெட் என்ற நோய் கோழியை அதிகம் பாதிக்காது, வான்கோழியைக் கூண்டோடு காலி செய்துவிடும். குடல்வாலையும் ஈரலையும் தாக்கும், கந்தக மஞ்சள் நிறத்தில் கழியும். 1895-இலேயே தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு செல் உயிரிதான் காரணம் என்று கண்டு எழுதினார். கோழியின் குடல்வாலில் இருக்கும் சின்னப் புழுவின் முட்டை வழியாக அது பரவுகிறது என்பது 1920 வாக்கில் தெரியவந்தது. அந்தப் புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண்புழுவும் அதைச் சுமக்கும்.

ஆகவே இன்குபேட்டரில் பொரித்து, மண்ணையே மிதிக்காத ஒரு நாள் கோழிக்குஞ்சு என்றால் சில நாளைக்கு விடலாம். தரையில் மேய்ந்த குஞ்சை விடவே கூடாது. தின்னப் பழகியதும் பிரித்துவிடுங்கள்.

---

சேவல்கொடி | காலை 9:02

மேய்ந்த குஞ்சு கூடாது என்ற விவரத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன். நன்றி ஐயா.

---

பொன்னேரி தம்பி | காலை 9:20

தீனி என்ன வாங்குவது? பிராய்லர் குஞ்சுத் தீனி போதுமா?

---

மின்பெட்டி | காலை 9:33

வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். பிராய்லர் முதல்நிலைத் தீனியில் 22, 23 தான் இருக்கும். வான்கோழித் தீனி கிடைக்காத ஊரில் பிராய்லர் தீனியோடு அவித்த முட்டை சேர்த்து ஒப்பேற்றுகிறார்கள். முட்டைக்கோழித் தீனி வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சின்னக் குஞ்சின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

---

வரப்போரம் | திங்கள், இரவு 8:30

இரண்டு நாளாக எழுத நேரமில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தோம். நேற்றுச் சாயங்காலம் தெம்பான குஞ்சு வெங்காயத்தாளைக் கொத்தியது, இதுவும் எட்டிப் பார்த்துக் கொத்திவிட்டது. இன்று தானாகவே முட்டைத் தூளைத் தின்கிறது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன், நிற்கிறது. இடது கால் மட்டும் லேசாக வெளியே போகிறது.

இரண்டு சந்தேகம். முதுகில் காய்ந்து ஒட்டியதைக் கழுவலாமா? ஆசனவாயிலும் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறது.

---

குமரிக்கரை | இரவு 8:44

ரொம்பச் சந்தோஷம்! இடது காலுக்காக இன்னும் ஒரு நாள் கட்டு இருக்கட்டும்.

ஆசனவாயை இப்போதே கவனியுங்கள், அடைத்தால் ஒரே நாளில் போய்விடும். வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு மெதுவாகத் துடையுங்கள். வறண்டதைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். துடைக்கும்போது தொப்புளை ஆசனவாய் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள், தொப்புள் அதற்கு மேலே வயிற்றுப் பக்கம் இருக்கும். முதுகைப் பகலில், வெயில் நேரத்தில், அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்து, உடனே பல்புக்குக் கீழே விட்டுவிடுங்கள். முழுக்கக் குளிப்பாட்டத் தேவையில்லை. அது உதிர்ந்து இறகு முளைத்துவிடும்.

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | இரவு 9:05

தொப்புள் இப்போது எப்படி இருக்கிறது? வயிறு உப்பிக் கடினமாகி, தொப்புள் சிவந்து, கெட்ட வாடை வந்தால் மஞ்சள் கருப் பையில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள். அது வந்த குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது, வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

---

வரப்போரம் | இரவு 9:12

தொப்புள் காய்ந்து மூடிவிட்டது ஐயா, வாடை இல்லை. வயிறும் மென்மையாகவே இருக்கிறது. மற்ற முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டோம். அசைவே இல்லை, எடுத்துவிட்டேன்.

தடுப்பூசி இந்தக் குஞ்சுக்கும் சேர்த்தே போடலாமா?

---

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | இரவு 9:30

நல்ல சேதி. தடுப்பூசி ஆரோக்கியமான பறவைக்குத்தான். முதல் நாளில் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய்க்கு பி1 என்ற சொட்டு மருந்து போடுவது முறை. உங்களுக்கு அது தள்ளிப்போய்விட்டது. தெம்பான குஞ்சுக்கு இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். இது நன்றாகத் தின்று, இரண்டு காலிலும் ஓடட்டும், அப்புறம் போடலாம். அதுவரை வெளிக்கோழி எதுவும் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது வழக்கம்போல: 4, 5ஆம் வாரத்தில் அம்மைக்கு, 6ஆம் வாரத்தில் ராணிக்கெட்டுக்கே மறுபடி ஆர்2பி என்ற தடுப்பூசி, 8 முதல் 10 வாரத்துக்குள் கோழிக் காலராவுக்கு.

மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து வாங்கி வாருங்கள். கரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மீந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. இரண்டு குஞ்சுக்காக ஒரு பாட்டிலை உடைப்பது வீண். பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.